கிளட்ச்சைத் தின்னது யாரு?

"ஏளா, அது கிளட்ச்! ஒங்க ஆத்தா வீட்டுத் தையல் மிஷின்னு நெனச்சியா, மிதிச்சுக்கிட்டே இருக்க?"

பக்கத்து சீட்டிலிருந்து ஜவஹர் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. கார் ஒரு குலுக்குக் குலுக்கி, அபார்ட்மெண்ட் கேட்டுக்கு நடுவில் நின்றுபோனது.

பின்னால் வந்த ஆட்டோக்காரர் தலையை நீட்டினார். "இன்னா பெரீம்மா, கேட்டுக்குக் காவலா நிக்கிறியா?"

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த இசக்கியம்மாள் சாவியைத் திருப்பினாள். மறுபடியும் குலுக்கல். மறுபடியும் ஆஃப்.

அக்கம்பக்கத்துப் பால்கனியெல்லாம் சிரித்தது. அம்மா வீட்டுக்கு வந்திருந்த மகள் தாரணிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சந்தேகம்தான் வந்தது.

வரத்தானே செய்யும்? முந்தாநாள் மந்தைவெளியில் இதே அம்மாவை, இதே காரில் பார்த்தாளே! அப்பா கடையில் இருந்த நேரம். சந்தில் இந்தப் பக்கம் காய்கறி வண்டி, அந்தப் பக்கம் தண்ணி லாரி. நடுவில் ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்து, ஒரு உறுமல் இல்லாமல் நழுவிப் போனாள் அம்மா. ஸ்கூட்டரில் வந்த தாரணி காலை ஊன்றி நின்றுவிட்டாள்.

அவளுக்குத்தான் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்டைத் தாண்ட வரவில்லையாம்!

ஜவஹருக்குத் தி.நகரில் துணிக்கடை. கார்தான் அவருக்கு மூத்த பிள்ளை. "கிளட்ச்சை நான் பூவை மிதிக்கிற மாதிரி மிதிப்பேன்" என்பார். போன ஆடித் தள்ளுபடி சமயம் வண்டி இழுக்கவில்லை. மெக்கானிக் ஹஸன் கழட்டிப் பார்த்தார்.

"பிளேட்டு கருகிப் போயி கீது சார். யாரோ கிளட்ச் மேலயே காலை வச்சிக்கினு ஓட்டிகினு இருக்காங்க."

இசக்கியம்மாள் அப்போதுதான் டிரைவிங் ஸ்கூலை முடித்திருந்தாள். ஜவஹர் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"நான்தாங்க" என்றாள் அவள். "எனக்குச் சரியா வரமாட்டேங்கு. நீங்க பக்கத்துல இருந்து சொல்லிக்குடுங்க."

அன்றிலிருந்து ஸ்டீயரிங் அவளிடம், சத்தம் இவரிடம்.

இன்றைக்கு மேலே வந்ததும் ஜவஹர் தீர்ப்பே சொல்லிவிட்டார். "போதும்! சனிக்கிழமை பேத்தியை ஏத்திக்கிட்டு மாமல்லபுரம் போறோம். நான்தான் ஓட்டுவேன். இவளை நம்பினா திருவான்மியூரைத் தாண்ட மாட்டோம்."

சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி, பேப்பரை விரித்தார்.

இசக்கியம்மாள் முகம் செத்துப் போனது. அதையும் தாரணி பார்த்தாள். கையைப் பிடித்து அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, நடிக்கிறியா?"

"நான் என்னத்தட்டி நடிக்கேன்?"

"மந்தைவெளியில பார்த்தேன்."

இசக்கியம்மாள் அடுப்பு மேடையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"புது கார் வேணுமா? வாயைத் திறந்து கேளேன். அதுக்காக அப்பா ஆசையா வச்சிருக்கிற வண்டியை நாசம் பண்ணி, ஊரு சிரிக்க வச்சு... இரு, இப்பவே போய்ச் சொல்றேன்."

"சொல்லிராத தாரணி!"

கெஞ்சின அம்மாவின் கண் மகளைத் தாண்டிக் கூடத்துத் தரையில் நின்றது. மொசைக்கில் சின்னச் சின்னதாய்ச் சிவப்புப் புள்ளிகள். வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும்.

இசக்கியம்மாள் விறுவிறுவென்று கூடத்துக்குப் போனாள். எதையோ பொறுக்குகிற மாதிரி புருஷன் காலடியில் குனிந்தாள். திரும்பி வந்து உள்ளங்கையை விரித்தாள்.

குண்டூசி. புதுச்சட்டை மடிப்பில் குத்தி வைத்திருப்பார்களே, அது. பாதிக்கு மேல் ரத்தம்.

"ஒங்கப்பா பாதத்துலருந்து இப்பத்தான் பிடுங்கினேன். கடையில வெறுங்கால்ல நடக்கையில ஏத்திக்கிட்டு வந்திருக்காவ. ஒரு முனகல் கேட்டியா? தலை நிமிர்ந்தாவளா பாரு."

தாரணி எட்டிப் பார்த்தாள். அப்பா பேப்பரில் அடுத்த பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார்.

"சக்கரை வியாதி ரெண்டு காலையும் மரக்கட்டையாக்கிட்டு. கிளட்ச் மேல கால் கெடந்தது அவியளுக்கே தெரியாது. வண்டியைத் தொடாதீங்கன்னு டாக்டர் சொன்னாரு. 'எனக்கா? நான் கொமரன் மாதிரி இருக்கேன்'னு எந்திரிச்சு வந்துட்டாவ. எனக்கு நல்லா ஓட்ட வருதுன்னு தெரிஞ்சா, 'பாடம் முடிஞ்சுது, எந்திரி'ன்னு சாவியை வாங்கிருவாவ." சேலைத் தலைப்பால் ஊசியைத் துடைத்தாள். "கிளட்ச் கருகினா வேற மாட்டிக்கிடலாம்ட்டி. நாளைக்கு பிரேக்குன்னு நெனச்சு வேற எதையும் மிதிச்சாவன்னா..."

கூடத்திலிருந்து குரல் வந்தது.

"என்னட்டி அங்க குசுகுசுன்னு? சனிக்கிழமை பிள்ளையை வெள்ளன கூட்டிட்டு வந்துரு. நான்தான் ஓட்டுதேன், கேட்டியா?"

தாரணி முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அதெல்லாம் முடியாதுப்பா! அம்மாவுக்கு இன்னும் கிளட்ச்சை விடவே தெரியல, பாதியில விட்டா எப்படி வரும்? அம்மாவே ஓட்டட்டும். நீங்க பக்கத்துல உக்காந்து நல்லா சத்தம் போட்டுச் சொல்லிக்குடுங்க. நீங்க இருக்கும்போது எனக்கென்ன பயம்?"