இன்னும் நூற்று நான்கு நாள்

“இன்னிக்கு எத்தனைண்ணே?”

“நூத்தி நாலு.”

காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட கையோடு இதைக் கேட்காமல் பூர்ணிமா தன் நாற்காலியில் உட்கார மாட்டாள். அந்த வேளாண் அலுவலகத்தில் செல்லதுரை சொல்லும் எண்தான் அவளுக்கு அன்றைய ராசிபலன். இந்த வருடம் ஓய்வு பெறப்போகும் மனிதரின் நாள் கணக்கில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

செல்லதுரை ஒன்றும் கம்ப்யூட்டர் புலி அல்ல. விதை உளுந்து இருப்பை எழுதுவதற்காக எக்செல் கற்றுக்கொண்டவர், இந்த ஒரு கணக்கை மட்டும் சொந்த ஆறுதலுக்காகப் போட்டு வைத்திருந்தார். ஒரு கட்டத்தில் ஜூன் 17. பக்கத்துக் கட்டத்தில், அதிலிருந்து இன்றைய தேதியைக் கழிக்கும் சூத்திரம். காலையில் ஃபைலைத் திறந்தால் எண் தானாக ஒன்று குறைந்திருக்கும்.

அன்று அதை மூட மறந்துவிட்டார். பின்னால் வந்து நின்றவர் அதிகாரி பிரகதீஸ்வரி.

லீவு என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு முகம் சுருங்கிவிடும். மகள் கனிமொழியின் வளைகாப்புக்காக நாகப்பட்டினம் போகச் செல்லதுரை கேட்ட மூன்று நாள் லீவு, நான்கு நாளாக அவர் மேஜையில் ஊறிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை வளைகாப்பு. அப்பா வராவிட்டால் வளையலே போட்டுக்கொள்ள மாட்டேன் என்று நேற்று போனில் அழுதிருந்தாள் மகள். அந்த விண்ணப்பம் இப்போது பிரகதீஸ்வரியின் கையில் இருந்தது.

“என்ன சார் இது, நூத்தி நாலு?”

செல்லதுரை அவசரமாக மவுஸைத் தேடினார். “அது… சும்மா ஒரு நாள் கணக்கு மேடம்.”

“ஓ, ரிட்டயர்மென்ட்டுக்கா?”

ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் அவர் தலை பொதுவாக ஆடியது. பூர்ணிமாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

“தப்பாப் போட்டிருக்கீங்களே!” பிரகதீஸ்வரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தே விட்டார். “வெறுமனே கழிச்சா சனி, ஞாயிறெல்லாம் சேர்ந்துடும். ஆபீஸுக்கு வர்ற நாளைத்தானே எண்ணணும்? நெட்வொர்க்டேஸ்னு ஒண்ணு இருக்கு, அதைப் போடுங்க.”

செல்லதுரை போட்டார். எழுபத்தைந்து வந்தது.

“பாத்தீங்களா? இதுல இன்னிக்கும் சேரும், கடைசி நாளும் சேரும். அப்படியும் எவ்வளவு குறைஞ்சிடுச்சு! இப்ப அரசு விடுமுறையெல்லாம் கீழ வரிசையா எழுதி அதையும் கழிக்கச் சொல்லுங்க. தமிழ்ப் புத்தாண்டு, மே தினம்… பெரிய கோயில் தேருக்கு உள்ளூர் விடுமுறை உண்டு, அதை விட்டுடாதீங்க.”

அறுபத்தெட்டு.

பூர்ணிமா வாயைப் பொத்திக்கொண்டாள். உட்கார்ந்த இடத்திலேயே முப்பத்தாறு நாள் மிச்சம்.

பிரகதீஸ்வரி எழுந்தார். “நீங்க போயிட்டா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரிதான் சார். இந்த உளுந்துக் கணக்கை உங்களை மாதிரி யாரு பாப்பாங்க?” என்றபடி, விண்ணப்பத்தை மேஜையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். “மூணு நாள் எதுக்கு? நாலு நாளா எடுத்துக்குங்க. பொண்ணு கூட இருந்துட்டு வாங்க.”

செல்லதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நல்ல மனுஷியைப் பற்றி டீக்கடையில் என்னென்ன பேசியிருக்கிறோம் என்று நினைக்க வெட்கமாக இருந்தது. “ரொம்ப நன்றி மேடம்” என்று எழுந்து நின்று கும்பிட்டார்.

வாசல் வரை போன பிரகதீஸ்வரி திரும்பினார்.

“ரிட்டயர்மென்ட் மாசக் கடைசியிலதான் சார் வரும். ஜூன் பதினேழு, நான் இங்க வந்து மூணு வருஷம் முடியற தேதி.”

செல்லதுரை கும்பிட்ட கையை இறக்கவில்லை. பூர்ணிமா கீபோர்டுக்குள் குனிந்துகொண்டாள்.

“என் டிரான்ஸ்ஃபரை ஒரு வருஷம் தள்ளி வச்சுட்டாங்க, அந்தக் கட்டத்தை மாத்திடுங்க.”