கொழுந்து ராணி

"ராசம்மா, கைய அசைங்க! நேரம் ஓடுது!"

அறிவிப்பாளர் மைக்கில் கத்த, வாவிக்கரையில் கூடியிருந்த சீசன் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

ஏப்ரல் வந்தால் நுவரெலியாவுக்குத் திருவிழாக் கிறுக்குப் பிடித்துவிடும். குதிரைப் பந்தயம், கார்ப் பந்தயம், பூக்கண்காட்சி எல்லாம் போதாதென்று இந்த வருடம் ஒரு ஹோட்டல் புதிதாகத் தேயிலைக் கொழுந்து பறிக்கும் 'கொழுந்து ராணி' போட்டி வைத்தது. மேடையில் தொட்டி தொட்டியாகச் செடிகள். பத்து நிமிடத்தில் அதிகம் பறிப்பவருக்குத் தையல் மெஷின் பரிசு.

ராசம்மாவின் மகள் வினோதா தையல் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறாள். அந்த மெஷினுக்காகத்தான் ராசம்மா மஸ்கெலியாவிலிருந்து விடியக்காலையில் பஸ் ஏறி வந்தாள். கூட்டி வந்தவர், தேயிலைத் தோட்டத்தில் அவள் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு யோகேஸ்வரன். இருபத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவள் தோற்றுவிடுவாளா என்ன என்று அவருக்கு ஏகப் பெருமை.

அவளோ ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தாள். நடுவர் அம்மாவிடம் போய் ஏதோ சொன்னாள். கொழும்பிலிருந்து வந்திருந்த அந்த அம்மா தேயிலையில் பெரிய படிப்புப் படித்தவராம். போ, போ என்று கையை வீசினார். ராசம்மா திரும்பி வந்து, கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சும்மா நின்றாள்.

பக்கத்தில் ஹோட்டல் வரவேற்புப் பெண், பட்டுச்சேலையும் லிப்ஸ்டிக்குமாக, கூடையை நிரப்பித் தள்ளினாள். நடுநடுவே செல்ஃபி வேறு.

பரிசு அவளுக்குத்தான். நடுவர் மைக்கைப் பிடித்தார்.

"தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு அக்கறையே இல்லாமல் போய்விட்டது. தேயிலையை எப்படி நேசிப்பது என்று இந்தத் தங்கையிடம் கற்றுக்கொள்ளுங்கள்!"

அதற்கும் கைதட்டினார்கள்.

பஸ் ஸ்டாண்ட் வரும் வரை கண்டாக்கு பொரிந்து தள்ளினார்.

"மானத்த வாங்கிட்டியே ராசம்மா! மெஷினு மெஷினுன்னு உசுர எடுத்த. மேடையில ஏறுனதும் கை வெளங்காமப் போச்சா?"

ராசம்மாவுக்கு மகள் ஞாபகம்தான். வினோதா வாசலிலேயே காத்துக்கொண்டு நிற்பாள்.

"அது தேயிலையே இல்லீங்கய்யா. பங்களா வேலிக்கு வைக்கிற பூச்செடி."

கண்டாக்கு அப்படியே நின்றுவிட்டார். "அத அந்தம்மாகிட்டச் சொல்லித் தொலைக்கிறதுதானே?"

"சொன்னேங்கய்யா. 'தேயிலையைப் பத்தி உனக்கு என்ன தெரியும்'னு கேட்டாங்க."