மூன்றாவது ஆள்

யாரும் கவனித்துப் பார்க்காத ஆட்களைப் படத்திலிருந்து தானாகவே வெட்டித் தள்ளும் டிவி, வீட்டுக்கு வந்து ஒரு வருடமாகிறது. நிலவில் முதன்முதலில் மனிதர்கள் இறங்கிய கதையின் ஆவணப்படம் ஓடியபோதுதான் சுகிர்தாவுக்கு உறைத்தது.

“மூணு பேருல்ல போனாங்க?”

“ரெண்டு பேருதான்மா,” என்றாள் மகள்.

“இறங்குனது ரெண்டு பேரு. அவங்கள வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றதுக்கு ஒருத்தர் மேலேயே கப்பல்ல சுத்திக்கிட்டு இருந்தாரே, அவர் எங்க?”

“இறங்காத ஆள யார் பாக்கப் போறா?” என்றார் கணவர் செழியன்.

சுகிர்தா, போன மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போய்வந்த வீடியோவை அதே டிவியில் போட்டாள். ஏரி இருந்தது, குதிரை இருந்தது, எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வேன் ஏறியது. அதை ஓட்டிய அவள் மட்டும் இல்லை. இருக்கை காலியாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் செழியன் புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

“கல்யாணத்துக்கு நேரமாச்சு. வேன எடு.”

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பட்டுப்புடவையோடு சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள் சுகிர்தா.

“ஆளில்லாமலே மலை ஏறுன வேன்தான. கல்யாணத்துக்கும் அதுவே கூட்டிட்டுப் போகட்டும்.”