தட்டை எடுக்கலாமா?

ஒரு விடுகதை. காசு கொடுத்து வலியை வாங்கித் தின்கிற இடம் எது?

ஆஸ்பத்திரி என்று சொல்லாதீர்கள். அங்கே காசு கொடுப்பது வலியைத் தொலைக்க.

விடை, பிரெஞ்சு ஓட்டல். இதைக் கண்டுபிடித்தவள் தன்யா. ஈசா டவுன் இந்தியப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறவள். நடந்தது 2009இல், பஹ்ரைனில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம்.

மெனு அட்டையின் முதல் வரியை அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "பி, ஏ, ஐ, என். பெயின்! அப்பா, இங்க வலி விக்கிறாங்க!"

"மெதுவாப் பேசு," என்றார் ரகுநாதன். "அது பிரெஞ்சு. ரொட்டின்னு அர்த்தம். 'பேன்'னு சொல்லணும்."

"ஐயே! ரொட்டியில பேனா?"

"போன மாசம் உன் தலையில ஓடுச்சே, அது இல்லை. இது வெள்ளைக்காரப் பேன்," என்றாள் அம்மா ஜெயபாரதி.

அம்மாவும் பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ரகுநாதன் சிரிக்கவில்லை. அக்கம்பக்கம் பார்த்தார்.

பார்க்க அதிகம் பேர் இல்லை. வெள்ளைத் திரைச்சீலை வழியாக வெயில் பால்போல இறங்கிக்கொண்டிருந்தது. கம்பளத்தில் காலடிச் சத்தமே கேட்காததால், பரிமாறுகிறவர்கள் மிதந்து வருவதுபோல் இருந்தது. தண்ணீர்க் கிளாஸில் பட்ட வெளிச்சம் கூரையில் நெளிந்தது. மீன் நீந்துகிறது என்றாள் தன்யா.

பள்ளிப் பேருந்து தினமும் இந்த வாசலைத் தாண்டித்தான் போகும். "ஒரே ஒரு தடவை உள்ளே போகணும்ப்பா," என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இன்றைக்கு விட்டால் இனி முடியாது.

ரகுநாதனின் கம்பெனி குடும்பங்களுக்குக் கொடுத்த வீடுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டது. சாயங்கால விமானத்தில் ஜெயபாரதியும் தன்யாவும் சென்னைக்குப் போகிறார்கள். அவர் மட்டும் இங்கே, முன்பின் தெரியாத மூன்று பேரோடு ஒரே ரூமில்.

கோழியும் உருளைக்கிழங்கும் வந்தன. தன்யா ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். அப்பா காலையில் சொல்லிக்கொடுத்தபடி கத்தியையும் முள்கரண்டியையும் அக்கம்பக்கமாகச் சேர்த்து வைத்தாள். அப்படி வைத்தால், சாப்பிட்டாயிற்று, தட்டை எடுக்கலாம் என்று அர்த்தம். பிரித்து வைத்தால், இன்னும் சாப்பிடுகிறேன் என்று அர்த்தம்.

ரகுநாதனும் சேர்த்து வைத்துவிட்டார்.

ஜெயபாரதியின் கத்தி ஒரு பக்கம் கிடந்தது, முள்கரண்டி ஒரு பக்கம். நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு உருளைக்கிழங்குத் துண்டு. அதை அவள் சாப்பிடவும் இல்லை, விடவும் இல்லை.

"பாரதி, படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? சேர்த்து வை. மேஜையில எல்லாரும் முடிச்சாத்தான் எடுப்பாங்க. பரிமாறுற அந்தப் பொண்ணு எத்தனை தடவை எட்டிப் பார்த்துட்டுப் போயிட்டா!"

"மறந்துபோச்சுங்க."

"மறந்துபோச்சா? ஏழு வருஷமா வெளிநாட்டுல இருக்கே. ஸ்ரீரங்கத்துலேருந்து இன்னிக்குத்தான் பஸ் ஏறி வந்தவ மாதிரி..."

"அதுக்குத்தான் கூட்டிட்டு வராதீங்கன்னேன்."

"அம்மா, சீக்கிரம்மா!" தன்யாவுக்கு அவள் அவசரம். அடுத்த மேஜையில் ஒரு புட்டிங்கைப் பார்த்துவிட்டாள். மேலே சர்க்கரை கண்ணாடிபோல உறைந்திருந்தது. ஸ்பூனால் தட்டியதும் 'டிக்' என்று உடைந்தது. அவளுக்கும் ஒன்று சொல்லியாயிற்று. தட்டுகளை எடுத்த பிறகுதான் வரும்.

"டாக்ஸி வந்துடுச்சான்னு பார்த்துட்டு வரேன்," என்று ரகுநாதன் எழுந்து போனார்.

தன்யா மேஜையின் குறுக்கே கையை நீட்டினாள். "நான் சேர்த்து வெக்கிறேன்மா. உனக்குத்தான் தெரியலையே."

ஜெயபாரதி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்டி."

"அப்புறம் ஏன்?"

"காலையில சாவியைக் குடுத்துட்டோம்ல? இப்ப நாம மூணு பேரும் ஒண்ணா இருக்கிற வீடு இந்த மேஜைதான். தட்டை எடுத்துட்டா இதையும் காலி பண்ணணும். அப்பாவை விட்டுட்டுக் கிளம்பணும்."

அடுத்த மேஜையில் மறுபடியும் 'டிக்' என்று சத்தம் கேட்டது. தன்யா திரும்பிப் பார்த்தாள். அவள் பார்ப்பதை ஜெயபாரதியும் பார்த்தாள்.

ரகுநாதன் திரும்பி வந்தார். முகம் கழுவியிருந்தார். சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"டாக்ஸி வந்தாச்சு. கொஞ்ச நேரம் நிக்கிறேன்னான். இப்ப எடுத்தாத்தான் தன்யாவுக்குப் புட்டிங். இல்லேன்னா அதுக்கு நேரமே இருக்காது."

ஜெயபாரதி பெண்ணைப் பார்த்தாள். கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். கத்தியையும் முள்கரண்டியையும் மெதுவாக ஒன்று சேர்த்தாள்.

பரிமாறும் ஃபிலிப்பைன்ஸ் பெண் மிதந்து வந்தாள். மூன்று தட்டுகளையும் பார்த்தாள். மேஜையில் சின்னவளிடம் முதலில் கேட்பது அவள் வழக்கம் போலிருக்கிறது. குனிந்து, தட்டை எடுக்கலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை என்றாள் தன்யா.