முறையா கழட்டணும்

“கையை எடு! அப்படியே பிடுங்கினா உள்ள இருக்கறது மொத்தமும் செத்துப்போயிடும்!”

ஸ்டுடியோ முதலாளி போட்ட சத்தத்தில் கேமராக்காரியின் விரல்கள் ஹார்ட் டிஸ்க் வயரிலேயே நின்றுவிட்டன.

“என் டிஸ்க் சார். எப்படி எடுத்தா உங்களுக்கென்ன?”

“உன் நல்லதுக்குச் சொல்றேன். இந்த லினக்ஸ் கம்ப்யூட்டர்ல முறையா வெளியேத்தாம உருவினா எல்லாம் பாழாயிடும். நானே கழட்டித் தர்றேன், உக்காரு.”

முந்தின நாள்தான் அவளை வேலையை விட்டுத் துரத்தியிருந்தார். இன்றைக்கு இந்த அக்கறை.

இயந்திரத்தில் கை போன ஒரு தொழிலாளியை, “எங்க ஆளே இல்லை” என்று சாதித்துக்கொண்டிருந்தது ஓர் ஆலை. விபத்துக்கு முன்னால் அந்த ஆலைக்கு விளம்பரப் படம் எடுக்கப் போனபோது, அதே ஆள் அதே இயந்திரத்தில் நிற்பதை அவள் படம் பிடித்திருந்தாள். அது அந்த டிஸ்க்கில் இருந்தது. விளம்பரப் படம், பக்கத்தில் மாட்டியிருந்த முதலாளியின் டிஸ்க்கில். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. அவளுடையதில் மட்டும் சிவப்பு டேப்.

எடுத்துக்கொண்டு ஓடவும் வழியில்லை. முதலாளி தலையாட்டாமல் ஒரு குண்டூசியைக்கூட வாட்ச்மேன் வெளியே விடமாட்டார்.

விசைப்பலகையில் எதையோ தட்டிக்கொண்டிருந்தவருக்கு போன் வந்தது. “ஆலையிலேர்ந்துதான். எதையும் தொடாதே” என்று வெளியே போனார். கறுப்புத் திரையில் அவர் அடித்து வைத்த ஒரு வரி மட்டும் நின்றது. அவள் எட்டிப் படித்தாள்.

அவர் திரும்பி வந்தபோது, முந்தானையால் துடைத்த டிஸ்க்கை அவள் செருகிக்கொண்டிருந்தாள்.

“என்ன நோண்டற?”

“ஒரே தூசு சார். நீங்க சொன்ன மாதிரி முறையாதான் வெளியேத்தினேன். ரெண்டையும் துடைச்சு மறுபடி மாட்டிட்டேன்.”

“போற அன்னிக்குத்தான் பொறுப்பு பொத்துக்கிட்டு வருது!”

என்டரை ஓங்கித் தட்டினார். திரையில் எண்கள் ஓடின. அவர் காலாட்டிக்கொண்டிருந்தார்.

எண்கள் நின்றதும், சிவப்பு டேப் ஒட்டிய டிஸ்க்கை வெடுக்கென்று உருவி அவள் மடியில் எறிந்தார். இப்போது முறையும் இல்லை, கிறையும் இல்லை.

“நடையைக் கட்டு. எவன்கிட்ட வேணாலும் போய்க் காட்டு. இந்தப் பக்கம் இனிமே உன் தலை தெரியக்கூடாது.”

“தெரியாது சார்.”

ஜன்னல் வழியே வாட்ச்மேனுக்குக் கையசைத்தார். கேட் திறந்தது.

தொழிலாளியின் வக்கீல் ஆபீஸ் படியில் அவள் ஏறும்போது போன் அலறியது.

“அடிப் பாவி! என் டிஸ்க் காலியா கிடக்கு! விளம்பரம் மொத்தமும் போச்சு! கம்ப்யூட்டர்ல ரெண்டாவது டிஸ்க்குன்னு போட்டுத்தானே அழிச்சேன்? ரெண்டாவது உன்னோடதுதானே?”

“காலையில என்னோடதுதான் சார். மாட்டற வரிசையிலதானே லினக்ஸ் நம்பர் போடும்? மறுபடி மாட்டறப்ப உங்களோடதை ரெண்டாவதா மாட்டிட்டேன்!”