கெப்பாசிட்டர் பாடம்

அவன் ஏழு மணிக்கு எழுந்து, பல் துலக்கி, தேநீர் போட்டான். ஒரு கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தோடு எதிரில் உட்கார்ந்தான்.

"டீச்சர், கெப்பாசிட்டர் ஏசி கரண்ட்டை விடுது, டிசி கரண்ட்டைத் தடுக்குது. ஏன்னு இன்னும் மண்டையில ஏறல."

"மரமண்டை! எத்தனை தடவை சொல்றது? குழாய்க்கு நடுவுல ரப்பர் தாள் கட்டியிருக்குன்னு வெச்சுக்கோ. டிசி ஒரே பக்கமாத் தள்ளும். ரப்பர் கொஞ்சம் உப்பும், அப்புறம் தண்ணி நின்னுடும். ஏசி வந்து..."

"வந்து?"

"ஏசி..."

அவன் பேனா நின்றது. மூன்று மாதத்தில் அவள் இந்த இடத்தில் தடுமாறியதே இல்லை.

சமையலறையிலிருந்து தங்கை எட்டிப் பார்த்தாள். "அண்ணா, கடையில ஆம்ப்ளிஃபயர் குவிஞ்சு கிடக்கு. பத்து வருஷமா கெப்பாசிட்டர் மாத்துற உனக்கு, அண்ணிகிட்ட திட்டு வாங்கலேன்னா பொழுது விடியாது போல!"

மூளையில் வந்த கட்டி அவள் நினைவிலிருந்து வீட்டையும் கணவனையும் எடுத்துக்கொண்டிருந்தது. மிஞ்சியது, பாலிடெக்னிக்கில் அவள் நடத்திய இந்தப் பாடம் மட்டும். மாணவனாக வந்து உட்கார்ந்தால்தான் அவனோடு பேசுவாள்.

மீதியை அவனே சொன்னான். "ஏசி முன்னும் பின்னும் மாத்தி மாத்தித் தள்ளும். ரப்பரும் கூடவே ஆடும். அதைத் தாண்டி ஒரு சொட்டும் போகாது. ஆனா ரெண்டு பக்கமும் தண்ணி ஆடிட்டே இருக்கும். சரியா, டீச்சர்?"

அவள் குழப்பத்தோடு அவனையே பார்த்தாள். அதன் பிறகு அவள் பேசியது ஒன்றே ஒன்றுதான்.

"நல்லாப் புரியற மாதிரி சொல்றீங்க, சார். உங்க வீட்டுக்காரங்க கொடுத்து வெச்சவங்க."