எங்கூட்டு நெறம்

தாய்மாமன் மடியில் மோக்ஷிதாவை உட்கார வைத்ததும் மண்டபமே அவள் நிறத்தைப் பற்றித்தான் பேசியது.

பதினோரு மாதக் குழந்தை. மொட்டைத் தலையில் பூசிய சந்தனமும் முகமும் ஒரே நிறத்தில் இருந்தன.

"எங்கூட்டு நெறமுங்க. அன்னிக்கு ஆஸ்பத்திரியில அந்த நீல லைட்டுக்கு அடியில போட்டிருந்தா கருத்துப் போயிருக்குமுங்க. நாந்தான் ஊட்டுக்குத் தூக்கியாந்துபோட்டேன்," என்றாள் வெங்கடலட்சுமி. குழந்தையின் பெரிய அத்தை. இந்தப் பெருமையை அவள் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

குழந்தையின் அம்மா பிரத்யுஷா மகளின் நெற்றியில் வழிந்த சந்தனத்தைத் துடைத்துவிட்டாள்.

பிறந்த மூன்றாம் நாள் குழந்தைக்கு மஞ்சள் காமாலை, உடம்பெல்லாம் மஞ்சள். விளக்குக்குக் கீழே இரண்டு நாள் கிடத்த வேண்டும், நிறத்துக்கு ஒன்றும் ஆகாது, மஞ்சள் ஏறினால்தான் வினை என்றார் டாக்டர்.

பெண் குழந்தை, நிறம் போனால் திரும்பி வருமா என்றது குடும்பம். காலை வெயில் காட்டினால் போதும் என்றது. அக்கா சொன்ன பிறகு வாய் திறக்கிற ஆளில்லை குழந்தையின் அப்பா சசிதர்.

விளக்கிலேயே இருக்கட்டும் என்று பிரத்யுஷாவும் சொன்னாள். வயிற்றில் தையலோடு படுத்திருப்பவள் எவ்வளவு சத்தமாகச் சொல்ல முடியும்?

வீட்டில் மஞ்சள் உள்ளங்கால் வரை பரவியது. குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே கிடந்தது. பிறகு அதுவாகவே தெளிந்தது. பார், ஒன்றும் ஆகவில்லையே என்றார்கள்.

காதுகுத்துக்கு மேளம் எதற்கு என்று சசிதர் கேட்டபோது, வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் பிரத்யுஷா. தவுல்காரரைக் குழந்தைக்குப் பின்னால் உட்கார வைத்ததும் அவள்தான்.

ஆசாரி தங்கக் கம்பியை எடுத்தார்.

கெட்டிமேளம் அதிர்ந்தது. கூட்டத்தில் யாருடைய மடியிலோ தூங்கிக்கொண்டிருந்த வேறொரு குழந்தை தூக்கிவாரிப்போட்டு அலறியது.

பிரத்யுஷா மகளின் இமைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அசைந்தால் போதும்.

மோக்ஷிதா ஆசாரியின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"இத்தன சத்தத்துக்கும் அசையறாளா பாருங்க. தங்கமுங்க எங்க அம்மணி," என்றாள் வெங்கடலட்சுமி.

மஞ்சள் ஏறினால் முதலில் எது போகும் என்று சொன்னபோது, டாக்டர் அன்று தன் காதைத் தொட்டுக் காட்டியிருந்தார்.

கம்பி இறங்கியது. அப்போதுதான் மோக்ஷிதா அழுதாள்.

மேளம் ஓய்ந்தது. தாய்மாமன் அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டான். முகம் அந்தப் பக்கம் போய்விட்டது.

அழாதே கண்ணு, அம்மா இங்கேதான் இருக்கிறேன் என்று பிரத்யுஷா கூப்பிட்டாள்.

பிறகு நினைவு வந்து, சுற்றிக்கொண்டு போய் அவள் முகத்துக்கு நேராக நின்றாள்.